குச்சி அணைந்த எண்ணெய்

பாக்கியசீலனுக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன், உபதேசியார் வேலைக்குப் போவான் என்று வீட்டில் எல்லாரும் ஆசையாக இருந்தார்கள். சோதனைக்கு ஒரு ஜெபம் சொல்லச் சொன்ன அன்று எழுந்து நின்றான், வியர்த்தான், "பிதாவே" என்றான், உட்கார்ந்துவிட்டான். அதோடு அந்த வேலை போயிற்று. அப்படிப்பட்டவன் ஊர் ஊராகப் போய்ச் சீமெண்ணெய் விற்று நல்ல பெயர் எடுத்தான் என்றால், அதற்குக் காரணம் அவன் வாய் இல்லை. ஒரு தேங்காய்ச் சிரட்டையும் ஒரு தீக்குச்சியும்தான்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறாம் வருஷம். தூத்துக்குடியில் கப்பலில் வந்து இறங்கும் தகர டின்கள் வண்டியேறி வள்ளியூருக்கு வரும். அங்கே காந்திமதிநாதன் பிள்ளையின் கடையிலிருந்து அவற்றைச் சுற்றுப்பட்டிக் கிராமங்களுக்குக் கொண்டுபோய், கண்ணாடிக் கூடு போட்ட தகர விளக்குகளையும் சேர்த்து விற்பது பாக்கியசீலன் வேலை. டவுன்காரர்கள் அதற்குள் இந்த எண்ணெய்க்குப் பழகிவிட்டார்கள். கிராமத்துக்காரர்களுக்கு மட்டும் பயம் போகவில்லை. பூமிக்கு அடியிலிருந்து எடுத்த எண்ணெய், பேய் மாதிரி நாறுகிறது, வீட்டுக்குள் கொண்டுவந்தால் கூரையோடு கொளுத்திவிடும் என்று எட்டி நின்றார்கள். அவர்கள் பயத்திலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் நியாயமான பயத்தை வைத்துக்கொண்டு யாரும் கடை நடத்த முடியாதே.

பிள்ளை அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். விடிந்தும் விடியாத நேரத்தில் ஊருக்குள் போய்விட வேண்டும். ஒரு போத்தல் எண்ணெயை முந்தின நாளே தனியாக எடுத்து ஈரச் சாக்கைச் சுற்றி, வைக்கோலுக்கு அடியில் வைத்திருக்க வேண்டும். கூட்டம் சேர்ந்ததும் அந்த எண்ணெயைச் சிரட்டையில் ஊற்றி, எரிகிற தீக்குச்சியை அதற்குள் போட வேண்டும். குச்சி 'சுய்' என்று அணைந்துவிடும். தண்ணீரில் போட்டது போலவே அணைந்துவிடும். பார்த்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். இதையா தீப்பிடிக்கும் என்று சொன்னோம் என்று தங்களைத் தாங்களே கேலி செய்துகொண்டு விளக்கு வாங்குவார்கள்.

குளிர்ந்த எண்ணெய் குச்சியை அணைக்கும். சூடேறிய எண்ணெய் அணைக்காது, ஆவி கிளம்பி எட்டத்திலிருந்தே தீயை இழுத்துக்கொள்ளும். இது பிள்ளைக்குத் தெரியும், பாக்கியசீலனுக்கும் தெரியும். அதனால்தான் ஈரச் சாக்கு. அதனால்தான் வெயில் ஏறின பிறகு அந்த வித்தையை எந்த ஊரிலும் காட்டக் கூடாது என்று பிள்ளையின் கண்டிப்பு. "பொய் ஒண்ணும் சொல்லலையேலே, கண்ணால பாக்கத்தானே செய்யுதாக," என்பார். பாக்கியசீலனும் அதையே தனக்குச் சொல்லிக்கொண்டான். மனுஷன் தன் மனதைச் சமாதானப்படுத்த வேண்டுமென்றால் எத்தனை கெட்டிக்காரனாகிவிடுகிறான்.

மாசி மாதம் முதல் வாரத்தில் அவன் வண்டி உவரிக்குப் போயிற்று. உவரி கடற்கரை ஊர், எல்லாரும் அந்தோனியாரைக் கும்பிடுகிற கத்தோலிக்கர்கள். அந்த வருஷம் மன்னார்ப் பக்கம் முத்துக்குளிப்பு என்று ஆண்களில் பாதிப் பேர் கிளம்பிப் போயிருந்தார்கள். கூட்டம் முழுக்கப் பெண்கள். பாக்கியசீலன் வழக்கம்போல ஒன்றும் பேசாமல் சிரட்டையை மணலில் வைத்தான், எண்ணெயை ஊற்றினான், குச்சியைக் கிழித்துப் போட்டான். அணைந்தது. மறுபடி ஒன்று. அதுவும் அணைந்தது. ஒருத்தி துணிந்து வந்து தானே ஒரு குச்சியைப் போட்டுப் பார்த்தாள். அவள் போட்டதும் அணைந்ததும் கூட்டம் கலகலவென்று சிரித்தது. கொண்டுபோன விளக்குகளில் முக்கால்வாசி அந்த இடத்திலேயே போயிற்று.

கடைசியில் வந்தவள் ரோசம்மாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். இடுப்பில் ஐந்து வயதுப் பெண் குழந்தை, லூர்து மேரி. தாயின் கண் இரண்டும் மிளகாய் பட்டது போலச் சிவந்திருந்தன.

"அண்ணாச்சி, இது கடக்காத்துக்கு அணையாம நிக்குமா?"

"கண்ணாடி இருக்குல்லா, நிக்கும்."

"எங்க வீட்டுக்காரரு முத்துக்குளிக்கப் போயிருக்காக. திரும்பி வார வரைக்கும் அந்தோனியார் படத்துக்கு முன்னால வெளக்கு அணையக் கூடாதுன்னு நேர்ச்சை. அகல்ல புன்னெண்ணெய் ஊத்தி எரிக்கேன். காத்தடிச்சா கையப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கேன். நான் ஒறங்கி எட்டு நாளாச்சு."

அந்தக் கரையில் இது வழக்கம். புருஷன் ஆழக் கடலுக்குப் போனால் வீட்டில் விளக்கேற்றுவாள். எண்ணெய் குறையக் குறைய எரிகிற விளக்கிலேயே ஊற்றிக்கொண்டு வருவாள். புன்னை எண்ணெயில் அப்படி ஊற்றுவதால் ஆபத்து ஒன்றும் இல்லை. விளக்கு நிற்கிற வரையில் அவனுக்கு ஒன்றும் ஆகாது என்பது ஒரு நம்பிக்கை. உண்மையாக இருக்கிறவள் வீட்டில்தான் அது நிற்கும் என்பது அதோடு ஒட்டிக்கொண்ட இன்னொரு நம்பிக்கை. இரண்டாவதை யார் ஒட்டினார்களோ, கட்டாயம் விளக்குக் காத்தவள் ஒட்டியிருக்க மாட்டாள்.

"எண்ணெய் தீந்தா எரியும்போதே ஊத்தலாம்லா?" என்று கேட்டாள் ரோசம்மாள்.

பாக்கியசீலனுக்குப் பதில் தெரியும். அவன் வீட்டில் அதற்கு ஒரு சட்டமே உண்டு. அணைத்துவிட்டு, நன்றாக ஆறவிட்டு, பகல் வெளிச்சத்தில், அடுப்புக்கு எட்டத்தில் உட்கார்ந்துதான் மனைவி கெசியா எண்ணெய் ஊற்ற வேண்டும். ஆனால் பக்கத்தில் இன்னும் நாலைந்து பெண்கள் விளக்கைப் புரட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எரியும்போது ஊற்றினால் ஆபத்து என்று சொன்னால், அப்படியானால் இது தீப்பிடிக்கிற எண்ணெய்தானே என்று அவர்கள் காதில் விழும். "இங்கன வாங்க," என்று அவளை வண்டிக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டுப் போனான்.

"அணைச்சிட்டு ஊத்துததுதான் மொறை," என்றான் மெதுவாக.

"அணைக்கக் கூடாதே அண்ணாச்சி. போகும்போது சொல்லிட்டுப் போனாக, வெளக்கு எரியுத வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகாது, பாத்துக்கன்னு. தெரிஞ்சே நானே அத அணைக்கலாமா?"

அவன் வண்டிச் சட்டத்துக்கு மேலே தலையை நீட்டி அந்தப் பெண்களைப் பார்த்தான். பிறகு இவள் கண்களைப் பார்த்தான். உண்மையைச் சொல்லியிருக்கலாம். இந்த விளக்கு உங்களுக்குச் சரிப்படாது, அகலையே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரே பேச்சில் முடித்திருக்கலாம்.

"அப்பம்னா திரிய நல்லா எறக்கிக்கிட்டு, இந்தா, பக்கத்துல இருக்க இந்த மூடியத் தொறந்து பைய ஊத்துங்க," என்றான்.

அவள் முகம் தெளிந்தது. "இன்னைக்காவது ஒறங்குதேன்," என்று குழந்தையிடம் சொல்லிக்கொண்டே போனாள்.

பங்குனி பிறந்த பிறகு ஒரு சந்தை நாளில், வள்ளியூரில் கருவாடு விற்க வந்த ஒருவன் பாக்கியசீலன் முன்னால் வந்து நின்றான். பெயர் தொம்மை. ரோசம்மாளுக்கு மூத்த அண்ணன்.

"எங்க ஊருக்கு இனும வராதீரும் வே," என்றான்.

"ஏன், என்ன?"

"ரோசம்மா செத்துப் போனா. வெளக்குக்கு எண்ணெய் ஊத்தப் போனவ மேல தீ பாஞ்சிட்டு. ரெண்டு நாள் கெடந்தா. பிள்ளைக்குக் கையில காயம்."

தொம்மை சொல்லிக்கொண்டே போனான். அழாமல் அடக்கி வைத்தவன் பேச்சு அது. ஏற்ற இறக்கமே இல்லை.

"ஊருல என்ன சொல்லுதாக தெரியுமா? குச்சியவே அணைக்கித எண்ணெய் எப்படி வே தீப்பிடிக்கும்? எல்லாரும் கண்ணால பாத்தாகளே. அது எண்ணெயில வந்த தீ இல்ல, அந்தோனியாரு குடுத்த தீயின்னு சொல்லுதாக. நேர்ச்சை வெளக்குப் பக்கத்துல போகத் தகுதி இல்லாதவளாப் போயிட்டாளாம். அவள நீரு வண்டிக்குப் பின்னால கூப்பிட்டுப் போயி குசுகுசுன்னு பேசினீராம்லா. அதையும் இதையும் சேத்து முடிச்சுப் போட்டுட்டாக."

"அவுக..." என்று தொடங்கினான் பாக்கியசீலன்.

"அவ வீட்டுக்காரன் சிலுவை சேதி கேட்டுத் திரும்பி வந்துட்டான். கல்லறைக்கே போகல. முப்பதாம் நாள் பூசை வைக்க மாட்டேங்கான். பிள்ள அம்மான்னு சொன்னா எந்திச்சு வெளிய போறான். நாளான்னைக்கு முப்பது. என் தங்கச்சிகிட்ட என்ன வே பேசினீரு?"

சந்தை முழுக்க ஆட்கள். எதிர்க்கடையில் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெலை கேட்டாக. சொன்னேன்," என்றான் பாக்கியசீலன்.

தொம்மை கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். நம்பினானா இல்லையா என்று தெரியவில்லை. பாவம், தங்கையை நம்புவதா ஊரை நம்புவதா என்பதே அவனுக்குத் தெரியாமல் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது கெசியா முற்றத்து வெயிலில் உட்கார்ந்து விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைத்து, கருகின திரியை நறுக்கி, காலையிலேயே அணைத்து ஆறிப்போயிருந்த விளக்கில் புனல் வைத்து எண்ணெய் ஊற்றினாள். விளிம்பு வரைக்கும் ஊற்றவில்லை. வெளியே சிந்தின சொட்டைத் துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியையும் தூரக் கொண்டுபோய்க் காயப்போட்டாள். எல்லாம் அவன் சொல்லிக் கொடுத்தது. கல்யாணமான புதிதில் ஒருநாள் அடுப்புப் பக்கத்தில் வைத்து ஊற்றினாள் என்பதற்காக அவன் அவளை அழ அழத் திட்டியிருக்கிறான்.

அவன் நடந்ததைச் சொன்னான். பொய் சொன்னதையும் சேர்த்துத்தான் சொன்னான்.

கெசியா விளக்கு மூடியைத் திருகி முடித்தாள்.

"என்னைய வையும்போது ஒங்களுக்கு வாய் வந்துதுல்லா," என்றாள். "நம்ம வீட்டுல சொன்னத அந்த அக்காகிட்ட ஏன் சொல்லல?"

அவளுக்குக் கோபம் கூட இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பாக்கியசீலன் அன்று சோற்றில் கை வைக்கவில்லை.

மறுநாள் விடியுமுன்னே பிள்ளையிடம் போய் உவரிக்குப் போகப் போவதாகச் சொன்னான். பிள்ளைக்கு விஷயம் புரிய நேரமாகவில்லை.

"ஏலே, நீ அங்க போய் வாயத் தொறந்தா அந்தக் கரை முழுக்க ஒரு சொட்டு விக்காது. செத்தவ செத்துட்டா. நீ உயிரோட திரும்புவியா மாட்டியான்னும் யோசிச்சுக்க," என்றார்.

"அவுக பேரு கெட்டுக் கெடக்கு, அண்ணாச்சி."

"ஓம் பேரும்தான் கெட்டுக் கெடக்கு. போனா இன்னும் கெடும்."

அது உண்மைதான். பாக்கியசீலன் வண்டி கேட்கவில்லை. ஒரு போத்தல் எண்ணெய், சிரட்டை, தீப்பெட்டி மூன்றையும் துணியில் கட்டிக்கொண்டு நடந்தான். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். தேரிக்காட்டு மணலில் கால் புதைந்தது. ஒவ்வொரு தடவையும் 'அவுக என்கிட்ட' என்ற இடத்திலேயே நின்றுபோயிற்று. உவரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பிள்ளை எந்த நேரத்தில் போகவே கூடாது என்பாரோ அந்த நேரம்.

சிலுவை குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தான். தோள் அகன்ற, கறுத்த ஆள். வலையும் இல்லை, வேலையும் இல்லை, கையை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். லூர்து மேரி உள்ளே படியோரம் நின்றாள். அவள் வலது கையில் வாழை இலை சுற்றிக் கட்டியிருந்தது. எண்ணெய்க்காரனைக் கண்டதும் அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். தொம்மை ஓடிவந்து அவன் தோளைப் பிடித்தான்.

"வராதீருன்னு சொன்னேன்லா."

"நான் பொய் சொல்லிட்டேன்," என்றான் பாக்கியசீலன். "வெலை கேக்கல."

தொம்மையின் கை அவன் சட்டையைப் பற்றியது. சிலுவை தலையைத் தூக்கினான். "விடு. பேசட்டும்," என்றான்.

பேச வேண்டும். பாக்கியசீலன் வாயைத் திறந்தான், மூடினான். பிறகு உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்தான். சிரட்டையில் எண்ணெயை ஊற்றி, சுடுகிற மணலில் பதித்து வைத்தான். வாசலில் மீன் சுட்ட அடுப்பில் சாம்பல் இன்னும் கனன்றுகொண்டிருந்தது. அந்தச் சாம்பலை ஓட்டுத் துண்டால் அள்ளிச் சிரட்டையைச் சுற்றி அணைத்தான். கொஞ்ச நேரம் கழித்து எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லி, குச்சியைக் கிழித்துக் கையை எட்ட நீட்டிப் போட்டான்.

குச்சி எண்ணெயைத் தொடவே இல்லை. அதற்குள் தீ எழுந்து வந்து அதை வாங்கிக்கொண்டது. சிரட்டை புகைந்து எரிந்தது. லூர்து மேரி வீலென்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அது ஒன்றை அவன் யோசிக்காமல் போய்விட்டான். மணலை அள்ளி அள்ளிப் போட்டுத் தீயை அணைத்தபோது அவன் அழுதுகொண்டிருந்தான். அழுகையோடு பேச்சும் வந்தது.

"அன்னைக்கு நான் காட்டினது குளுந்த எண்ணெய். ஈரச் சாக்கு சுத்திக் கொண்டாந்தேன். அது குச்சிய அணைக்கும். நாள் முழுக்க எரிஞ்ச வெளக்குல எண்ணெய் சுட்டுப் போயிருக்கும். அதத் தொறந்து ஊத்தினா இப்படித்தான். எனக்குத் தெரியும். அவுக என்கிட்ட, அணையாம ஊத்தலாமான்னுதான் கேட்டாக. வேற ஒரு வார்த்த பேசல. கூடாதுன்னு சொன்னா மத்தவுக வாங்க மாட்டாகளேன்னு வண்டிக்குப் பின்னால கூட்டிட்டுப் போயி, பைய ஊத்துங்கன்னு சொன்னது நான். அந்தோனியாரு ஒண்ணும் செய்யல. நான் சொன்னதத்தான் அவுக செஞ்சாக."

கூட்டத்தில் ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று துணிந்து வந்து தானே குச்சியைப் போட்டவள் அவள்தான். தொம்மை கையை ஓங்கினான். ஓங்கின கை அப்படியே நின்றது. பிறகு அவன் மணலில் உட்கார்ந்து, தங்கை பெயரைச் சொல்லி, இத்தனை நாள் அழாத அழுகையை அழுதான். ஊரோடு சேர்ந்து தானும் கொஞ்சம் நம்பிவிட்ட அண்ணன் அவன். அந்த அழுகை தேற்றினால் தேறுகிற அழுகை இல்லை.

சிலுவை எழுந்திருக்கவில்லை. அடிப்பான் என்று பாக்கியசீலன் காத்திருந்தான். அடித்துவிட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான்.

"தொம்மை," என்றான் சிலுவை. "சாமியாருகிட்டப் போயி நாளைக்குப் பூசைக்குச் சொல்லிட்டு வா. கல்லறைக் குருசுக்குத் தச்சன்கிட்ட நான் போய்ச் சொல்லுதேன்."

தொம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். கூட்டம் பைய விலகிற்று. பாக்கியசீலனும் மூட்டையை எடுத்தான்.

"வே, நில்லும்," என்றான் சிலுவை. "அணைச்சிட்டு, ஆறவிட்டு, ஊத்தி, மறுபடி கொளுத்த எவ்வளவு நேரமாகும்?"

"ஒரு நாழிகை போதும்."

"லூர்து," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டான். அவன் குரல் முதல் தடவையாக மகளிடம் போயிற்று. "அம்மா எப்பம் எண்ணெய் ஊத்துவா?"

குழந்தை கதவு மறைவிலிருந்து கொஞ்சமாக எட்டிப் பார்த்தது. "கோயில்ல சாயங்கால மணி அடிக்கும்போது," என்றது. "தெனமும்."

சிலுவை மணலைப் பார்த்தான். எரிந்த சிரட்டை இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம் இருந்தது.

"நாங்க காலையிலதான் முங்குவோம் வே," என்றான். "மத்தியானம் முங்குதத நிப்பாட்டச் சொல்லி வெடி போட்டா எல்லாத் தோணியும் கரைக்குத் திரும்பிரும். பெறவு மறுநா காலை வரைக்கும் யாரும் கடல்ல எறங்குததில்ல. சாயங்காலம் மணி அடிக்க நேரம் நான் கரையில உக்காந்து சோறு பொங்கிக்கிட்டு இருந்திருப்பேன். அவ தெனமும் ஒரு நாழிகை வெளக்க அணைச்சு வச்சிருந்தாலும் எனக்கு ஒண்ணும் ஆகியிருக்காது."

பாக்கியசீலன் மூட்டையைக் கீழே வைத்தான்.

"நாலு வருசமாப் போறேன். அவகிட்ட ஒரு நாள் கூட இத நான் சொன்னதில்ல," என்றான் சிலுவை. "நான் ராப்பகலா தண்ணிக்குள்ளயே கெடக்கேன்னு நெனச்சிருக்கா."